மஞ்சள் விளக்கு எங்கே படபடக்கிறது?

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டியை இறக்கப்போவதாகச் சொன்னாய். கூட வருகிறவர்கள், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை எடுத்த எடுப்பிலேயே அணைக்கச் சொல்கிறார்களாம். வேண்டாம் பாப்பா. முதல் நாள் முழுக்க அது விழித்தே இருக்கட்டும். நீ தப்பு செய்கிற இடத்தை உடனுக்குடன் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது.

நாலு சக்கரத்திலும் ஆளுக்கொரு வேக சென்சார் இருக்கிறது. உன் வண்டியில் இன்ஜின் சுழற்றுகிற பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று கணக்கு. உடனே இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலை மூடி, ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு, இன்ஜின் இழுவையைக் குறைக்கும். போதாவிட்டால் வழுக்குகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். அப்போதுதான் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு படபடக்கும். படபடத்தால் வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் கோளாறு, இல்லையென்றால் யாரோ அணைத்திருக்கிறார்கள்.

டிராக் படத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள். 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் விளக்கு எங்கே படபடத்தது என்று புள்ளி வை. பெரும்பாலும் வளைவு முடிந்து வெளியே வரும் இடத்தில்தான் புள்ளி விழும். டயரின் பிடிப்பு ஒரே பானைச் சோறு. திரும்புவதற்கும் அதிலிருந்துதான், வேகம் எடுப்பதற்கும் அதிலிருந்துதான். ஸ்டியரிங் இன்னும் வளைந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை அழுத்தினால் விளக்கு படபடக்கத்தான் செய்யும். கால் பெருவிரலுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு நூல் கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்: ஸ்டியரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் கால் இறங்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் குலுக்கலில் காலும் ஆடும், இழுவையும் ஆடும்.

வளைவின் உள்பக்க ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறும்போது மட்டும் படபடத்தால் அது கால் தப்பில்லை. ஏறிய பக்கத்துச் சக்கரத்தில் பாரம் குறைந்து சும்மா சுற்றுகிறது. கெர்ப்பை விட்டு ஒரு சாண் தள்ளி ஓட்டிப் பார். நேர் ரோட்டில் படபடத்தால்தான் வண்டியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு டயர் புதுசு, மற்றது தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறி கணக்கு தப்பும். காற்றை முதல் நாலு லேப் முடிந்ததும் சூட்டோடு அள. குளிரில் வைத்ததைவிட 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடியிருக்கும். இடதும் வலதும் சமமாக வரும்படி இறக்கு.

புள்ளிகள் குறைந்த பிறகு, கன்ட்ரோல் தலையிடுவதைக் குறைக்கும் ஸ்போர்ட் மோடுக்குப் போ. பல வண்டிகளில் பட்டனைத் தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் போய்விடும். இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதுதான் வண்டியின் மூக்கு ஸ்டியரிங் சொன்ன பக்கம் போகிறதா என்று பார்க்கிறது. கையேட்டில் உன் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டே தொடு. ஃப்யூஸைப் பிடுங்கினால் எல்லாம் அணையும் என்பார்கள். அதை மட்டும் செய்யாதே. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கூடவே போகும், முன்-பின் பிரேக் பங்கீடும் போகும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

பின்பக்கம் நழுவும்போது பயந்து காலை முழுசாக எடுத்துவிடாதே. பாரம் முன்னால் சாய்ந்து பின்டயர் இன்னும் லேசாகும், நழுவல் சுழலாகிவிடும். காலைக் கொஞ்சம் தளர்த்து, போக வேண்டிய இடத்தைப் பார், ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பு. மழை பெய்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடு. ஈரக் கெர்ப்பில் பெயின்ட் எண்ணெய் மாதிரி வழுக்கும்.

விளக்கு அடிக்கடி படபடத்தால் நீ மிதிக்காமலே பின்பிரேக் சூடாகிக்கொண்டிருக்கும். பின்பேட் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தால் அதுதான் காரணம். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 தான். கொதித்தால் பெடல் தரை தொடும். போவதற்கு முன் மாற்றிவிடு. கடைசி லேப்பை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடு. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதே, கியரில் விடு.

இன்னொன்று. வண்டி போன மழைக்காலம் முழுக்க நம் வாசலில்தான் நின்றது. இங்கே உப்புக்காற்று சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். பிடித்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், காரணமே இல்லாமல் விளக்கு எரியும். நீ பின்பக்க வீல் பேரிங் மாற்றியதாகவும் சொன்னாய். இப்போதைய பேரிங்குகளில் பலவற்றுக்கு ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும், அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பி மாட்டினால் சிக்னலே வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டு வா. சனிக்கிழமை காலையில் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா