கூடு இருக்கும் மரத்தில் எண் போடாதீர்கள்

கண்மாய் மரங்களை ஏலம் விடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கண்மாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் பட்டையைச் செதுக்கி வரிசை எண் எழுதியிருக்கிறார்கள். எண் விழுந்தால் அடுத்தது ஏலம் என்பது ஊருக்கே தெரியும். சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட மரம், முதிர்ந்தால் வெட்டத்தானே வேண்டும், ஊராட்சிக்கும் பங்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும். எந்த மரத்தை வெட்டுகிறீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

தண்ணீர் வற்றி, லாரி உள்ளே இறங்க வழி கிடைக்கும் கோடையில்தான் வருகிறீர்கள். அப்போது கூட்டில் பறவை இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்த பிறகு, தை மாதத்தில் வந்து பாருங்கள். ஒரே மரத்தில் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரை, அதற்குக் கீழே நத்தைகுத்தி நாரை, இன்னும் தாழ வக்காவும் நீர்க்காகமும். எச்சம் பட்டு இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அது கரைந்த தண்ணீர்தான் மடை வழியே எங்கள் வயலுக்குப் பாய்கிறது. உரக்கடைக்காரருக்கு மட்டும்தான் அதில் வருத்தம். மரத்தடியில் தண்ணீர் நிற்பதால் நாயும் பூனையும் கூட்டை நெருங்குவதில்லை. வெட்டியதற்கு ஈடாகக் கரைமேல் எத்தனை கன்று நட்டாலும் இந்தக் காவல் கிடைக்காது. தண்ணீர் தேங்கும் உள்வாயிலேயே நட்டாலும், கூடு தாங்கும் கிளை விடப் பல ஆண்டுகள் ஆகும்.

சீமைக் கருவேலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் 2017-ல், அதை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து எங்கள் பக்கம் பொக்லைன் இறங்கியபோது, சீமை எது, நாட்டு மரம் எது என்று ஓட்டுநருக்குக் காட்ட ஒருவரும் இல்லை. இரண்டும் சேர்ந்தே சாய்ந்தன.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட ஊரார் வெடி வெடிப்பதில்லை. அது சரணாலயம், மரத்துக்கும் காவல் உண்டு. சரணாலயப் பலகை இல்லாத கண்மாய்க்கும் அதே நாரைதான் வருகிறது.

இப்போது போட்ட எண்களை வைத்து ஏலம் நடத்தாதீர்கள். வரும் தை, மாசியில் வனக் காப்பாளர் ஒருவரை அனுப்புங்கள். எந்தெந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று நாங்கள் காட்டுகிறோம். அவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பட்டியலிடுங்கள். அதையும் ஒரே கோடையில் மொட்டையடிக்காமல், பகுதி பகுதியாக, இடைவெளி விட்டு வெட்டுங்கள். ஊராட்சிக்கு வருமானம் குறைந்தால் கிராம சபையில் நாங்கள் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவன்