கையொப்பம் இட்டவர்கள் கைதிகள் அல்லர்

நுண்கடன் நிறுவனத்தின் மாவட்ட முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் நீங்கள் பேசியபோது நானும் பின்வரிசையில் இருந்தேன். "யாரையும் கழுத்தைப் பிடித்துக் கையொப்பம் வாங்கவில்லை. அவரவர் சுதந்திரமாகச் செய்த ஒப்பந்தம்" என்றீர்கள். அரசறிவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தவணைக் கூட்டத்தில் அன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் எடுத்த குழுவில் ஒருத்தியிடம் தவணைக் காசு இல்லை. கணவர் 2009 இல் காணாமற்போனவர்; போட்ட உழுந்தும் மழையோடு போய்விட்டது. காலையில் தொடங்கிய கூட்டம் பொழுதுபட்டும் கலையவில்லை. உங்கள் அலுவலர் படலையை மறித்து மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மிச்சக் காசு வந்தால்தான் எல்லாரும் எழும்பலாம்" என்று சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் தவணையைச் சரியாகக் கட்டியவர்களும் எழும்ப முடியவில்லை. ஒருத்தியின் கைக்குழந்தையைப் பால் குடிப்பதற்காக மாமியார் தூக்கி வந்தார். இன்னொருத்தியின் மகன் பாடசாலைச் சீருடையோடு வேலிக்கு வெளியே நின்று வீட்டுத் திறப்பைக் கேட்டான். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் தோட்டைக் கழற்றி அடகுக்கு அனுப்பினாள். தோடு அவளுடையது, தவணை அவளுடையதல்ல.

பிணை நின்றவர் பணத்துக்குப் பொறுப்பு என்பதை நான் மறுக்கவில்லை. அவரை மறித்து வைக்கும் உரிமையை எந்தப் பத்திரம் உங்களுக்குத் தந்தது? தயவுசெய்து அந்த வழக்கத்தை நிறுத்துங்கள்.

ஒப்பந்தம் என்றீர்களே, அரசாங்கத்தையே மக்களின் சம்மதத்தின் மீது நிறுத்திக் காட்டியவர் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக். அவரே 1689 இல் வெளிவந்த தம் நூலில், எந்த மனிதனும் ஒப்பந்தத்தாலோ சம்மதத்தாலோ தன்னை இன்னொருவனுக்கு அடிமையாக்க முடியாது என்று எழுதினார். 1859 இல் இன்னொரு ஆங்கில மெய்யியலாளரான ஜோன் ஸ்டுவர்ட் மில்லும் சுதந்திரத்தையே விற்றுவிடும் சுதந்திரம் எவருக்கும் இல்லை என்றார். அதற்கெல்லாம் முன்பே, கி.மு. 594 அளவில், ஏதென்ஸில் சட்டம் வகுத்த சோலோன் ஆளையே ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடுத்து, கடனால் அடிமைப்பட்டவர்களை மீட்டார். எங்கள் பெண்கள் அடிமைகள் என்று நான் சொல்லவரவில்லை. கடன்காரரின் கை எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்ற கோட்டை இவர்கள் கீறிவைத்தார்கள். உங்கள் அலுவலர் அன்று அதைத் தாண்டி நின்றார்.

லொக் ஒன்றும் புனிதரல்லர். அடிமை வியாபாரம் செய்த றோயல் ஆபிரிக்கன் கம்பனியில் அவருக்குப் பங்கு இருந்தது. அடிமை மீது எசமானுக்கு முழு அதிகாரம் கொடுத்த 1669 ஆம் ஆண்டு யாப்பிலும், அமெரிக்கக் குடியேற்றமான கரோலைனாவுக்கு எழுதப்பட்டதிலும், அவரது கை இருந்தது. சுதந்திரத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்களின் பங்குப் பத்திரத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மாணவர்களுக்கு நான் சொல்வது அதனால்தான். நாங்களும் உத்தமர்கள் அல்லர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாக ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கே 1844 வரை காத்திருந்தார்கள். அந்த 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2 கோடி பவுண் நட்டஈடு எசமான்களுக்குத்தான் போனது, அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்கு வாங்கிய கடனைப் பிரித்தானியா 2015 இல்தான் அடைத்து முடித்தது. கடன் கொடுத்தவர் கைநட்டப்படாமல் பார்த்துக்கொள்வதில் உலகம் எப்போதும் கவனமாகத்தான் இருந்திருக்கிறது, முகாமையாளர் அவர்களே. நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

வட்டியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கேட்பது ஒன்றுதான்: ஒருத்தி கட்டாததற்காக மற்றவர்களை மறித்து வைக்காதீர்கள். கட்டாதவளையும் மறித்து வைக்காதீர்கள். நிலுவையைக் கேட்க நீதிமன்றம் இருக்கிறது, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபை இருக்கிறது.

அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னர் உங்கள் அலுவலர்களுக்கு இதை எழுத்தில் அறிவுறுத்தி, அதன் பிரதி ஒன்றைக் கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கொடுத்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.