சம்பளம் போடாத விலை

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிறும் நீ கூப்பிடவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு கூப்பிட்டு, "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்ன மீட்டிங் என்று அம்மா கேட்டாள். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஞாயிறு ஏது என்று நான்தான் சமாளித்தேன். போனில் எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்ப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது, காது கேட்காத கிராமத்துப் பெரியவர்களுக்கு மிஷின் கொடுக்கிற உன் கம்பெனிக் கணக்கைக் காட்டி, பிறகு மெயிலில் அனுப்புகிறேன் என்றாயே, அதை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஏ4 தாளில் எழுத்து எறும்பு மாதிரி வந்திருக்கிறது. இருந்தாலும் படித்துவிட்டேன். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய கணக்கைப் பார்த்தவன். நீ போட்டது போல ஒழுங்காகப் போட்டவர்கள் குறைவு. காது மிஷின், காதுக்குள் வைக்கிற அச்சு, பேட்டரி, காதைப் பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் சம்பளம், உத்திரமேரூர் பக்கம் போய்வரும் வண்டிச் செலவு, வாடகை, ஜி.எஸ்.டி., ஆடிட்டர் என்று எல்லாம் இருக்கிறது. உன் சம்பளம் மட்டும் எங்கேயும் இல்லை. உன் கூட இருக்கிற பிரபு தம்பிக்கும் போடவில்லை. முதலில் நீ மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அந்த வரிசை இருக்கிறது. பூஜ்யம் என்று போட்டிருக்கிறாய்.

பாப்பா, அது சிக்கனம் ஆகாது. கணக்குத் தப்பு. நீ வேலை செய்கிறாய், அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நோயாளி கொடுக்கவில்லை, நன்கொடை கொடுக்கிறவர் கொடுக்கவில்லை என்றால் வேறு யார் கொடுக்கிறார்கள் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காமல் ஒரு மிஷினுக்கு விலை வைத்தால், அந்த விலையில் நூறு விற்றாலும் ஆயிரம் விற்றாலும் நஷ்டம் கூடிக்கொண்டுதான் போகும்.

நீ யாரை மனதில் வைத்து இதையெல்லாம் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வாசலில் அப்பத்தா கண்ணில் பச்சைக் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது நீ ஐந்தாவது படித்தாய். "இவங்ககிட்ட ஏன் தாத்தா பணம் கேக்கல" என்று பக்கத்தில் இருந்தவரை நீ கேட்ட கேள்வி இன்னும் நம் வீட்டில் பேச்சாக இருக்கிறது. வெங்கடசாமி டாக்டர் 1976இல், 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்ற கையோடு 11 படுக்கையில் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். வீட்டை அடமானம் வைத்தார், கூடப்பிறந்தவர்கள் நகையை அடகு வைத்தார்கள் என்பதெல்லாம் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கதையில் எல்லோரும் நகையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தங்கைக்கும் அவர் கணவருக்கும் அதே ஊரில் டாக்டர் வேலை இருந்தது, முதல் நாளிலிருந்தே படுக்கைகளில் ஒரு பகுதி காசு கொடுக்கிற நோயாளிகளுக்கு என்று இருந்தது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நகையை வைத்து ஆரம்பித்தார்கள். நகையை வைத்து நடத்தவில்லை.

உன் தாளில் "அரவிந்த் மாடல்" என்று தலைப்புப் போட்டு, பத்துப் பேரில் நான்கு பேர் முழு விலை கொடுப்பார்கள், ஆறு பேருக்குக் கிட்டத்தட்ட இலவசம் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஒரு தடவை செய்தால் அந்தக் கண்ணுக்கு முடிந்தது. டாக்டர், தியேட்டர், மைக்ராஸ்கோப் எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. அடுத்தடுத்து இரண்டு டேபிள் போட்டு, ஒருவருக்கு முடித்ததும் டாக்டர் அடுத்தவர் பக்கம் திரும்புகிறார். இலவச நோயாளி நிறைய வர வர, ஒரு ஆபரேஷனுக்கு விழுகிற செலவு குறைகிறது, டாக்டர் கையும் பழகுகிறது. அந்தக் கைக்காகத்தான் காசு உள்ளவனும் வருகிறான். அப்படியும் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்தவரை ஏழைக்கு அதை வைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. 1992இல் ஆரோலேப் என்று தாங்களே தயாரிக்க ஆரம்பித்து, பத்து டாலருக்கு அக்கம்பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் அதுவும் சரியானது.

உன் தொழிலில் அப்படி இல்லை. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் ஆயிரம் மிஷின் வாங்க வேண்டும். அதோடு முடிகிறதா? கொடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். நம் அப்பத்தா மிஷின் பீரோவில் கிடந்த கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் விசில் அடிக்கும், அச்சு உறுத்தும், பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய்ச் சரிசெய்து கொடுத்தால்தான் கிழவி அதைப் போட்டுக்கொள்வாள். அந்த இரண்டு மூன்று தடவைதான் உன் உண்மையான செலவு. அதை "இதர செலவு" என்று ஒரே வரியில் அடக்கியிருக்கிறாய். இப்போது அந்த வீடுகளுக்கெல்லாம் போகிறது யார்? நீதான் போகிறாய் என்று நினைக்கிறேன். பூஜ்யம் சம்பளத்தில்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு எதைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனா எடுப்பார் என்பாய். உண்மையில் நீ செய்கிற வேலையைப் பற்றி நான் சொல்லாத ஆள் இல்லை. வாக்கிங் வருகிற கூட்டத்துக்கு உன் பெயரைக் கேட்டாலே அலுத்துவிட்டது. பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தபோது இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று உன் அத்தை கேட்டாள். கிழவனும் கிழவியும் பேரப்பிள்ளை பேச்சைக் கேட்பதற்கு என்றேன். அவளுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஆனால் பெருமையை வைத்து வாடகை கொடுக்க முடியாது.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணத்தை நம்பலாம் என்று எழுதியிருக்கிறாய். சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் அதற்கு ஒதுக்க வேண்டும், சரி. ஆனால் நீ பதிந்திருப்பது பிரைவேட் லிமிடெட். அந்தப் பணம் டிரஸ்ட், சொசைட்டி, செக்‌ஷன் 8 கம்பெனி மாதிரியான அமைப்புகள் வழியாகத்தான் வரும். அதற்காக இன்னொன்று பதிந்தால் இரண்டு கணக்கு, இரண்டு ஆடிட். செக்‌ஷன் 8இல் லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது, அதனால் முதலீட்டாளருக்கு அதில் வேலை இல்லை. அதோடு, இந்தப் பணம் கொடுக்கிறவர்களுக்கு முகாம் நடத்துவது பிடிக்கும், பேனர் கட்டி போட்டோ எடுக்கலாம். ஆறு மாதம் கழித்து ஒரு கிழவி வீட்டுக்குப் போய் அச்சைத் தேய்த்துக் கொடுப்பதற்கு யார் பேனர் கட்டுவார்கள்? பணம் வந்தால் வாங்கிக்கொள். முகாமுக்கும் சோதனைக் கருவிக்கும் வைத்துக்கொள். மாதாமாதம் ஆகிற செலவை அதன் மேல் ஏற்றாதே.

அரசு டெண்டர் பற்றியும் ஒரு வரி போட்டிருக்கிறாய். குறைந்த விலை சொன்னவனுக்குத்தான் கிடைக்கும். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதும் பணம் வருவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. வரவேண்டிய பாக்கி புத்தகத்தில் கொழுத்துக் கிடக்க, கையில் சம்பளம் போடக் காசில்லாமல் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேலன்ஸ் ஷீட்டில் எல்லோரும் லாபக்காரர்கள்.

அந்த பெங்களூர் முதலீட்டாளரைப் பற்றி நீயும் மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்: போட்ட பணத்தை எத்தனை வருடத்தில், யாருக்கு விற்று எடுப்பார்? வாங்குகிறவன் உத்திரமேரூர் கிளையை மூடிவிட்டு அண்ணா நகரில் ஷோரூம் போட்டால் அதைத் தடுக்கிற அதிகாரம் உனக்கு இருக்குமா? நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவருக்குப் பணம் கொடுத்தவர்களும் எங்கேயோ இருக்கிறார்களே.

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீ காசு கேட்க வேண்டிய ஆளை மாற்று. மிஷின் போடுகிறவள் கிழவி. அவளிடம் முதியோர் பென்ஷன் தவிர என்ன இருக்கும்? ஆனால் அவள் மகன் திருப்பூரிலோ சென்னையிலோ சவுதியிலோ இருப்பான். போனில் கத்திக் கத்தி, "ஆங்? ஆங்?" என்று கேட்டுக்கேட்டு, அலுத்துப்போய் வைத்துவிடுகிறவன் அவன்தான். அவனிடம் மிஷினை விற்காதே. வருடத்துக்கு இவ்வளவு, மாதம் ஒரு தடவை எங்கள் ஆள் உங்கள் அம்மாவைப் போய்ப் பார்ப்பாள், பேட்டரி மாற்றுவாள், காதில் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் போட்டோ அனுப்புவாள் என்று சொல். கேபிள் சந்தா கட்டுகிறவன் இதையும் கட்டுவான். மகன் இல்லாதவளுக்கு அந்தப் பணத்தில் செய். உன் நான்கும் ஆறும் அப்போதுதான் எனக்கு நம்பிக்கையாகத் தெரியும்.

போய்ப் பார்க்கிற வேலைக்கு அந்தந்த ஊர்ப் பெண்களையே எடு. காதைப் பரிசோதித்து மிஷினை ட்யூன் செய்ய, பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தான் வேண்டும், அதில் கை வைக்காதே. பேட்டரி மாற்றவும் துடைக்கவும் பொறுமையாகப் பேசவும் பழக்கிவிட்டால் போதும். அரவிந்திலும் கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையெல்லாம் அவர்களிடம் கொடுத்ததால்தான் டாக்டர் கை ஓயாமல் ஆபரேஷன் செய்ய முடிகிறது. கோயம்புத்தூர் முருகானந்தமும் நாப்கினைத் தானே விற்றுக்கொண்டு அலையவில்லை. நாப்கின் செய்கிற மிஷினைச் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். விலையையும் விற்பனையையும் அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் நீயே செய்தால்தான் சேவை என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இது தகவலுக்காக மட்டும். நகைக்கடன் வைக்கிறவர்களுக்கு நான் வங்கியில் எப்போதும் சொல்வது. பெரும்பாலும் 12 மாதத் தவணை. வட்டி அதற்குள் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கேட்பார்கள். நோட்டீஸ் வாடகை வீட்டு முகவரிக்குப் போய், வீடு மாறியிருந்தால் தெரியாமலே ஏலத்துக்குப் போய்விடும். தனியார் கடைகளில் வட்டி இன்னும் கூடுதல். அடகுச் சீட்டில் இருக்கிற தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது. வீடியோ காலில் உன் கழுத்தைப் பார்த்து அம்மா ஏதோ சொன்னாள். அந்த அறையில் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. பாட்டி போட்டு அனுப்பிய நகை உன் கம்பெனிக்கு முதலாகப் போயிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. அது மாதச் செலவுக்குப் போயிருந்தால்தான் வருத்தம்.

மற்றபடி தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அப்படியே கிடக்கிறது. மொட்டை மாடி ஒழுகலைப் பார்த்தாகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. இன்னும் என்னவோ எழுத நினைத்தேன், உன் தாளைப் பார்த்ததில் எல்லாம் மறந்துவிட்டது.

அந்த வரிசையில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒரு ஆளை வைத்தால் என்ன கொடுப்பாயோ அதைப் போடு. வீட்டுக்குப் போகிற செலவைத் தனியாகப் பிரி. விலை எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து எனக்கு மறுபடி அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை. சீட்டு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பதையும் அதிலேயே ஒரு மூலையில் எழுதிவிடு, அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா
மதுரை