இடது டயரில் 5 பாயிண்ட் கூடுதல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. பெருமூளை வாதம் உள்ள எங்கள் மகன், நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவன், நேற்றிலிருந்து மறுபடி ஓட்ட நாற்காலியில் (தள்ளிக்கொண்டே ஓடுகிற மூன்று சக்கர நாற்காலி) உட்காருகிறான். இந்த நிம்மதி பழகிப்போவதற்குள் நன்றி சொல்லிவிடுகிறோம்.

முதலில் சைக்கிள் கடை அண்ணனுக்கு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். திருப்பத்தூரில் அவரிடம் பஞ்சர் ஒட்டியவர்களுக்கு ஆள் யாரென்று புரியும்.

அந்த மூன்று சக்கர நாற்காலியைப் பார்க்கிறவர்கள் ஒன்று 'பாவம்' என்பார்கள், இல்லையென்றால் விலை கேட்பார்கள். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "புள்ள எந்தப் பக்கம் சாஞ்சி உக்காருது?"

வண்டி இடப்பக்கமாக இழுத்ததால் நாங்கள் முன்சக்கரத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு உடம்பு ஒரு பக்கம் சாயலாம். பாரம் அந்தப் பக்கச் சக்கரத்தில் இறங்கும், டயர் நசுங்கும், வண்டி அங்கேயே திரும்பும். தள்ளுகிறவர் ஒரு கையால் அதை எதிர்த்து அழுத்திக்கொண்டே ஓடினால் அரை மணியில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அண்ணன் நாற்காலியைச் சமதரையில் காலியாக உருட்டிவிட்டார். ஐந்து மீட்டர் நேராகப் போனது. அச்சில் கோளாறில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பிறகு தம்பியை உட்காரவைத்து, கூடவே நடந்து பார்த்தார். இடது டயரில் மட்டும் காற்றை 5 பாயிண்ட் (psi, காற்றழுத்த அளவு) கூட்டினார். இடது விலாவுக்கு அண்டக்கொடுக்க ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

அவர் சொல்லிக்கொடுத்தது மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம். எங்களுடையது 16 அங்குலச் சக்கரம். தார் ரோட்டுக்கு 35 பாயிண்ட், ஏலகிரி மண் பாதைக்கு 25. அதற்கும் கீழே இறக்கினால் குலுக்கல் குறையும், ஆனால் கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் முள். ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் முனை குத்துகிறது. பழைய ட்யூபை நாடாவாக வெட்டி ரிம்மைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது. முள் என்றால், புது ட்யூப் மாட்டுவதற்கு முன் டயரின் உள்ளே பஞ்சை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவேல முள்ளின் முனை ஒடிந்து நிற்கிற இடத்தில் பஞ்சு சிக்கும். விரலை விட்டுத் தேடாதீர்கள். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த திருப்பத்திலேயே மறுபடி காற்றுப் போகும்.

இதெல்லாம் அவர் தொழில். கேட்காமலே செய்த ஒன்றுதான் எங்களை அழவைத்தது. காலில் இறுக்கம் வரும்போது தம்பியின் பாதம் பலகையை விட்டு வழுக்கி முன் சக்கரத்தை நோக்கிப் போவதை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். மறுநாள் வண்டியை எடுக்கப் போனால், பலகையின் நுனியில் பழைய ஸ்கூட்டர் டயர்த் துண்டால் ஒரு அணை. கணுக்காலுக்கு ட்யூப் ரப்பரில் ஒரு பட்டை. நாடாவில் கட்டினால் இறுக்கம் முழங்காலில் திருப்பி அடிக்கும், ரப்பர் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். போல்ட்டின் நட்டுகள் எல்லாம் வெளிப்பக்கம், தோலில் உரசாதபடி. பிசியோ அக்கா வந்து பார்த்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 பாகையில் நிற்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். பட்டைக்கு அடியில் சாக்ஸ் போட வேண்டும். கழற்றி அரை மணிக்குள் சிவப்பு மறையாவிட்டால் தளர்த்த வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். ட்யூப் காசு தவிர அண்ணன் எதுவும் வாங்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஏலகிரியில் எங்களில் ஒருவர் மங்களத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறினால், இன்னொருவர் நாற்காலியோடு புங்கனூர் ஏரிப் பக்கம், அடுத்த வாரம் மாற்றி. இந்த வாரங்களில் அந்த முறை எங்களுக்காக உடையாமல் பார்த்துக்கொண்டீர்கள். இறக்கத்தில், நாற்காலியோடு கட்டிய கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் ஒருவரும் தள்ளவில்லை. ஓடுகிறவருக்கு வேர்த்தாலும் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் குளிரும் என்று பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். (கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், அதை நம்ப முடியாது.) மூத்தவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர், வழியில் தம்பியைப் பற்றிக் கேட்காமல் பின்னக் கணக்கைப் பற்றிக் கேட்டாராம். அவள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதே, ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், 5 நிமிடம் தாண்டினால் 108 என்று பாட்டியை மனப்பாடம் செய்யவைத்த செவிலியருக்கும் நன்றி.

இனி எங்கள் பங்கு. அண்ணன் கடையில் ஒரு டப்பா இருக்கும்: இரண்டு ட்யூப், டயர் லீவர், சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, பஞ்சு. சக்கர நாற்காலியோடு வருகிற யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை 6 முதல் 8 வரை, இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எங்களில் ஒருவர் வந்து உட்காருவோம். பெற்றோர் ஓடத்தான் வேண்டும் என்றில்லை, தூங்கினாலும் சரி.

சாப்பாட்டுக் கேரியர்கள் ஒன்பது எங்கள் வீட்டில் சேர்ந்திருக்கின்றன, எல்லாம் கழுவியாகிவிட்டது. மூடிதான் எது எதனுடையது என்று தெரியவில்லை. வந்து அடையாளம் சொல்லி எடுத்துப் போங்கள்.