ஞாயிறு சினைப் பரிசோதனை: மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நம் ஊர் பால் சொசைட்டி முன்பு கால்நடை மருத்துவர் வருகிறார்.

1. சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு 2 மாதம் தாண்டிய மாடுகளையும், 3 முறை போட்டும் சினை நிற்காத மாடுகளையும் மட்டும் ஓட்டி வாருங்கள். சினை நிற்காத மாட்டை விற்க காரிமங்கலம் சந்தைக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தால், அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

2. கன்று போட்ட தேதி, ஊசி போட்ட தேதி இரண்டும் எழுதி வரவும். "மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி" என்றால் டாக்டர் என்ன செய்வார்?

3. மாடு சினைக்குத் தயாராகும் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறைதான். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. போன மாதம் நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன், 21 நாள் தீவனம் தண்டம். சில மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தவே கத்தாது. வேறு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, கண்ணாடி போல வழும்பு ஒழுகுகிறதா என்று விடியற்காலையும் இரவும் பாருங்கள்.

4. கன்று போட்டு 60 நாள் ஆகாமல் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம்.

எத்தனை மாடு என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே போடுங்கள். தனித்தனியாக போன் வேண்டாம், சரியா?