துப்பாக்கி வேண்டாம், திருப்புளி கொடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதக் கடைசியில் கேம் ஜாம் வருகிறது, 48 மணி நேரத்தில் ஒரு வீடியோ கேம் செய்து முடிக்க வேண்டும், இதுவரை வராத மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். கூடவே அனுப்பிய பட்டியலையும் படித்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடலடி நகரம், மிதக்கும் தீவு, மனிதர் இல்லாத பூமி என்று அதில் பாதிக்கு மேல் வெறும் இடங்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஆடுபவர் அங்கே போய் என்ன செய்வார் என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். ஓடுவார், குதிப்பார், சுடுவார், பொறுக்குவார். இடம் மாறுகிறதே தவிர கைக்கு வேலை மாறவே இல்லை.

2016-இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டில் கணினியே உருவாக்கும் கோள்கள் 1.8 லட்சம் கோடி கோடி. அத்தனை இடம் கொடுத்தும், அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதான் தொடக்கத்தில் வாங்கியவர்கள் குறைபட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலைகளைச் சேர்த்துத்தான் அதைச் செய்தவர்கள் நல்ல பெயர் எடுத்தார்கள். மாறாக 1980-இல் 'பேக்-மேன்' வந்ததை நினைத்துப் பார். சுடும் விளையாட்டுகள் மலிந்திருந்த காலம் அது. பெண்களும் வந்து ஆடும்படி ஒன்று வேண்டும் என்று நினைத்த அதன் வடிவமைப்பாளர் தோரு இவாதானி, சாப்பிடுவது என்ற ஒரே செயலைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து கட்டினார். உனக்குப் பிடித்த 'பாபா இஸ் யூ'வும் அப்படித்தான். விதிகளையே கட்டைகளைப் போலத் தள்ளி மாற்றலாம் என்பதுதான் அதன் உயிர். அதுவும் 2017-இல் ஒரு கேம் ஜாமில் பிறந்தது என்று நீதான் சொன்னாய்.

ஆகவே, கைக்கும் காதுக்கும் இதுவரை கிடைக்காத வேலை எது என்றே யோசித்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதானே, அதிலிருந்தே முதலாவது.

இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன் எவனும் முதலில் கண்ணால் பார்க்க மாட்டான். நீண்ட திருப்புளியின் முனையை, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் உறை மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்பான். கிரீஸ் வற்றிய பேரிங் மெல்லிய குரலில் கீச்சிடும். உள்வளையம் அடிபட்டிருந்தால் சீரான இடைவெளியில் தட்டும், வேகம் கூடினால் தட்டும் கூடும். பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டாரை ஓட்டிய முதல் சில நொடிகள் மட்டும் அலறிவிட்டு அடங்கிவிடும். எல்லாவற்றிலும் வேடிக்கை பம்ப். உள்ளே சரளைக்கல் உருளுவது போல் சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் கல் ஒன்றும் இருக்காது. உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாமல் ஆவிக்குமிழிகள் உண்டாகி, அவை நசுங்கி உடைகிற ஓசை அது. பழுது பம்பில் இருக்காது, அதற்கு முன்னால் எங்கேயோ அடைத்த வலையிலோ மூடிய வால்விலோ இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பம்பையே பிரித்துப் போட்டுவிட்டு விழிப்பார்கள்.

இதை அப்படியே விளையாட்டாக்கு. ஒரே அறை, ஐந்து இயந்திரங்கள், திரையில் ஏறக்குறைய இருட்டு. ஆடுபவர் கையில் ஒரு கம்பி மட்டும். எந்த இடத்தில் வைக்கிறாரோ அந்த இடத்தின் ஓசை கேட்கும். பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலும் கொஞ்சம் கலந்து வரும், அதுதான் கஷ்டம். ஷிப்ட் முடிவதற்குள் ஒரே ஓர் இயந்திரத்தைத்தான் நிறுத்தலாம். நல்லதை நிறுத்தினால் உற்பத்தி போச்சு, கெட்டதை விட்டால் இரவில் உடையும். சிவப்பு விளக்கு, அம்புக்குறி, மதிப்பெண் எதையும் வைக்காதே. நீ ஏதாவது உதவிக்குறி வைக்க ஆசைப்படுவாய், எனக்குத் தெரியும். வைத்தால் எல்லோரும் குறியைப் பார்ப்பார்கள், சத்தத்தைக் கேட்க மாட்டார்கள்.

பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களுக்குச் சமமாக இதை ஆடலாம் என்பது கூடுதல் லாபம். படமே இல்லாமல் ஒலியை மட்டும் வைத்து 1997-இலேயே ஜப்பானில் கென்ஜி ஏனோ 'ரியல் சவுண்ட்' என்று ஒரு விளையாட்டு வெளியிட்டிருக்கிறார், ஆகவே வெறும் ஒலியை நம்பி யார் ஆடுவார்கள் என்று உன் கூட்டாளிகள் கேட்டால் சொல். காது கேளாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்டால் அதற்கும் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ஓடும் இயந்திரத்தின் உறையில் புறங்கையை வைத்தும் நோய் அறிவோம். கன்ட்ரோலரின் அதிர்வை அதற்குப் பயன்படுத்து. ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனி அதிர்வு.

இரண்டாவது யோசனை பெரியது, ஜாமுக்கு ஆகாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லா விளையாட்டிலும் நாயகன் ஆட ஆட வலுவாகிறான். எனக்கு வேண்டியது தலைகீழ். தொடக்கத்தில் அவனுக்கு எல்லாம் முடியும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒன்று போகும். முதலில் உயரத் தாண்டுவது, பிறகு வேகம், பிறகு தூரத்தில் இருக்கும் எழுத்து மங்கும். அப்படியானால் எப்படி ஜெயிப்பது? இளமையில் நீ ஆடிய ஆட்டத்தை விளையாட்டு ரகசியமாகப் பதிவு செய்துகொண்டே வந்திருக்கிறது. பிந்தைய அத்தியாயங்களில் உன்னுடன் சில மாணவர்கள் வருவார்கள். நீ அன்று பாலத்தைத் தாண்டிய அதே விதத்தில்தான் அவர்கள் இன்று தாண்டுவார்கள். அழகாகச் செய்தது அழகாகவே வரும். அவசரத்தில் சுவரில் மோதிக்கொண்டு எப்படியோ ஏறினாய் அல்லவா, அந்தப் பிள்ளையும் மோதிக்கொண்டுதான் ஏறும். உன் கெட்ட பழக்கத்தை மூன்று பேர் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு, யாரை முன்னால் அனுப்புவது, யாரைப் பின்னால் நிறுத்துவது என்று நீ திட்டமிட வேண்டும். இரண்டாம் முறை ஆடுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே எவ்வளவு நிதானமாக நடப்பார்கள் என்று யோசித்துப் பார். அதைப் பார்ப்பதற்காகவே இப்படி ஒன்று வர வேண்டும் என்று இருக்கிறது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர். சண்டையின் விளிம்பில் இரண்டு தரப்பு, நடுவில் நீ. இருவர் பேச்சும் உனக்கு மட்டும் புரியும். ஒருவர் வாயிலிருந்து வந்த கடுஞ்சொல்லை அப்படியே சொல்வதா, மழுப்புவதா, விட்டுவிடுவதா? மழுப்பியது அன்றைக்கு அமைதியைத் தரும், பத்து ஆண்டு கழித்து ஒப்பந்தத்தின் ஒரு வரியில் வெடிக்கும். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து கடவுச்சீட்டுகளில் முத்திரை குத்துவதையே 2013-இல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' மனச்சாட்சியைப் பிடுங்கும் விளையாட்டாக்கிவிட்டது, எனவே ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போதும்.

மரமாக இருந்து முந்நூறு ஆண்டு ஆடுவது என்றும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். மறுபடி படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிடு.

யோசனையை ஜாம் மேடையில் சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்களே என்று பயப்படுகிறாய். எடுக்கட்டுமே. விளையாட்டின் விதிகளுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அவற்றைச் செய்து காட்டிய உருவத்துக்குத்தான் உண்டு. புத்தாக்க உரிமம் (பேட்டன்ட்) வாங்கிப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டு திறக்கும்வரை காத்திருக்கும் லோடிங் நேரத்தில் ஆடும் குட்டி விளையாட்டுக்கு நாம்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் அப்படி ஓர் உரிமம் வைத்திருந்தது. 2015-இல் அது காலாவதியாகும்வரை மற்றவர்கள் வெறுமனே நகரும் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்ன லாபம்?

உன் பழைய லேப்டாப் ஐந்து ஒலிகளை ஒரே நேரத்தில் கலக்கத் திணறினால் அதை உடனே சரிசெய்யப் போகாதே, கொஞ்சம் பார். 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்த தொமோஹிரோ நிஷிகாதோவுக்கும் இப்படித்தான் நடந்தது. எதிரிகள் குறையக் குறையத் திரையில் வரைய வேண்டியது குறைந்து மிச்சமிருந்தவை வேகமாக ஓடின. அவர் அதைத் திருத்தாமல் விட்டார், அதுவே ஆட்டத்தின் சூடாகிவிட்டது.

நான் சொல்வது: ஜாமுக்கு முதலாவதை எடு. ஐந்து வேண்டாம், மூன்று இயந்திரம் போதும், பம்ப் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் ஒலிகளைப் போடாதே. அவற்றில் பெரும்பாலும் தூரத்தில் நின்று பிடித்த இரைச்சல், பேரிங்கின் குரல் அதில் வராது. என் பழைய கூட்டாளி ஒருவரின் பட்டறையில் தேய்ந்த பேரிங்குகள் ஒரு பெட்டி கிடக்கின்றன. மோட்டாரில் ஒவ்வொன்றாகப் பூட்டி ஓட்டிப் பதிவு செய்யலாம் என்று அவரும் சம்மதித்துவிட்டார். போனிலேயே பதிவு செய்தால் போதுமா, தனி மைக் வேண்டுமா, எந்தக் கோப்பு வடிவத்தில் அனுப்புவது என்று மட்டும் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் வார இறுதியில் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா