யோவான்னாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள யோவான்னா யென்ஜெய்ச்சிக்,

2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. காலாங் உள்ளரங்கில் நீங்கள் சண்டையிலிருந்து ஓய்வு பெறுவதாகச் சொல்லிக் கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தபோது, மேல்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. 2024இல் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி உங்களைத் தன் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர் வரிசையில், சேர்த்தபோதும் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. இந்த முறை எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சிங்கப்பூர்க்காரி. வேலை முடிந்து வாரத்தில் இரண்டு மாலை முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை வகுப்புக்குப் போகிறேன். ஆரம்பிக்கும்போதே வயது முப்பத்தெட்டு. சண்டைக்கெல்லாம் போகப் போவதில்லை, பயிற்சியாளர் கையில் பிடித்திருக்கும் திண்டை உதைப்பதோடு சரி. ஆனால் ஒருநாள் உடன் பயிலும் பெண்ணின் முழங்கை தெரியாமல் என் தாடையில் பட்டது. லேசான அடிதான். இரண்டு நாள் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. உங்கள் பழைய சண்டைகளை அதற்குப் பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். முன்பு கைதட்டிய இடங்களில் இப்போது தாடையைத் தடவிக்கொள்கிறேன்.

நீங்கள் வந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். பெண்கள் யூஎஃப்சி கூண்டுக்குள் வரவே மாட்டார்கள் என்று 2011இல் அதன் தலைவர் டேனா வைட்டே சொன்னார். 2013 பிப்ரவரியில் ரோண்டா ரவுசி என்ற வீராங்கனையை வைத்துத்தான் அந்தக் கதவு திறந்தது. உங்கள் எடைப்பிரிவான ஸ்ட்ராவெயிட், அதாவது 115 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 52 கிலோ, அங்கே 2014இல்தான் தொடங்கியது. அடுத்த வருடம் மார்ச்சிலேயே டல்லஸில் கார்லா எஸ்பார்சாவிடமிருந்து சாம்பியன் பெல்ட்டை வாங்கிவிட்டீர்கள். எஸ்பார்சா மல்யுத்தத்தில் ஊறியவர். கீழே தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்பக் கால்களைப் பிடிக்க வந்தார். நீங்கள் ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பின்னால் தள்ளி, அவர் மேல் பாரத்தைப் போட்டு, எழுந்து நின்று மறுபடி குத்தினீர்கள். இரண்டாவது ரவுண்டில் முடிந்துவிட்டது. போலந்துக்கு முதல் யூஎஃப்சி சாம்பியன், ஒல்ஷ்டினில் வளர்ந்த ஒரு பெண்!

அந்த பெல்ட்டை பெர்லின், மெல்போர்ன், லாஸ் வேகஸ், நியூயார்க், திரும்பவும் டல்லஸ் என்று ஐந்து தடவை காப்பாற்றினீர்கள். எல்லாவற்றையும் விவரித்துக்கொண்டிருக்கப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா. எனக்குப் பிடித்தது உங்கள் இடது கை. எட்டிக் குத்திவிட்டு அப்படியே கன்னத்துக்குத் திரும்பி வந்துவிடும், நடுவில் எங்கேயும் தங்காது. என் கை இன்றைக்கும் குத்திவிட்டு இடுப்புப் பக்கம் இறங்குகிறது. "கை! கை!" என்று பயிற்சியாளர் கத்தும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வரும்.

சரி, பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து உங்களோடு மோத வந்த ரோஸ் நமயூனாஸை நீங்கள் சீண்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மனநிலையைச் சொல்லிக் குத்திப் பேசினீர்கள். எதிராளியைக் கலங்கடிக்கப் பேசுவதும் தொழிலில் ஒரு பகுதிதான் என்பார்கள். ஆனாலும் அது வேண்டாத பேச்சு. 2017 நவம்பரில் நியூயார்க்கில் அவர் முதல் ரவுண்டிலேயே உங்களைச் சாய்த்தார். அதுவரை உங்களுக்கு 14 சண்டை, 14 வெற்றி. எடை குறைத்தது சரியாக நடக்கவில்லை, உடம்பில் தெம்பே இல்லாமல் போயிற்று என்று பிறகு நீங்கள் சொன்னபோது நிறையப் பேர் சாக்கு என்றார்கள். ஐந்தடி ஆறங்குல உடம்பைத் தராசுக்காக 52 கிலோவுக்கு இறக்கி, மறுநாளே அடி வாங்க அனுப்புகிற வழக்கம் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அதைச் சாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த பெல்ட்டை அப்போது வைத்திருந்த சீன வீராங்கனை ஜாங் வெய்லி விஷயத்திலும் எனக்குக் கோபம் இருந்தது. 2020 ஜனவரியில், சீனாவில் கொரோனாவால் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஜாங் பக்கத்தில் நீங்கள் முகமூடி போட்டு நிற்பது போன்ற ஒரு கேலிப் படத்தைப் பகிர்ந்தீர்கள். எங்கள் ஊரிலும் அப்போது நோய் வந்துவிட்டது, முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு ஆறவில்லை. அவரோ பயிற்சிக்காகச் சீனாவை விட்டுக் கிளம்பித் தாய்லாந்து, அபுதாபி என்று சுற்றி லாஸ் வேகஸ் வந்து சேர வேண்டியிருந்தது.

அப்புறம் உங்கள் இருவருக்கும் சண்டை நடந்தது. லாஸ் வேகஸில் மார்ச் 7 இரவு, இங்கே மார்ச் 8 ஞாயிறு மதியம். மகளிர் தினம். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். உங்கள் மேல் கோபத்தோடு, ஜாங் ஜெயிக்க வேண்டும் என்றுதான் பார்க்க உட்கார்ந்தேன். மூன்றாவது ரவுண்டு வந்தபோது எனக்கு யார் பக்கமும் இல்லை. நீங்கள் குத்துகிறீர்கள், அவர் திருப்பிக் கொடுக்கிறார், ஒருவரும் ஓரடி பின்வாங்கவில்லை. உங்கள் நெற்றி வீங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு முழு நெற்றியும், கடைசியில் முகமே வேறு ஆளுடையது போலாகிவிட்டது. கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "அந்தப் பிள்ளைக்கு யாராவது ஐஸ் வைங்களேன்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் அந்த நெற்றியோடு ஐந்தாவது ரவுண்டிலும் முன்னால்தான் போனீர்கள்.

இருபத்தைந்து நிமிடம். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் 48-47 என்று ஜாங்குக்கும், ஒருவர் அதே புள்ளிக் கணக்கில் உங்களுக்கும் போட்டார்கள். மறுநாள் இணையத்தில் எல்லாரும் பார்த்தது உங்கள் நெற்றியைத்தான். எந்தெந்தப் படத்து வேற்றுக்கிரக உருவங்களையோ பக்கத்தில் வைத்துச் சிரித்தார்கள். எங்கள் அலுவலகக் குழுவிலும் ஒருவர் அனுப்பினார். சில வாரங்களுக்கு முன் ஒரு கேலிப் படத்துக்காக உங்கள் மேல் கோபப்பட்டவள் நான். இந்தப் படத்தைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. "இது 25 நிமிடம் வாங்கிய அடி" என்று பதில் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து ஜாங்கோடு மறுபடி மோத நீங்கள் காலாங் வந்தபோது, அமெரிக்காவின் சனிக்கிழமை இரவுக்குப் பொருந்த எங்களுக்குக் காலையிலேயே சண்டை. கோப்பிக் கடையிலிருந்து நேரே அரங்கத்துக்கு வந்தோம். முதல் ரவுண்டில் ஜாங் உங்களைத் தரைக்குக் கொண்டுபோனார். இரண்டாவதில் அவர் சட்டென்று உடம்பைச் சுழற்றி, புறங்கை உங்கள் மேல் விழுந்ததைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. நீங்கள் முகம் குப்புற விழுந்ததைப் பார்த்தேன். என் கை தன்னால் தாடைக்குப் போனது.

பிறகு எழுந்து ஒலிவாங்கி முன்னால் நின்று சொன்னீர்கள்: முப்பத்தைந்து ஆகப் போகிறது, பாதி வாழ்க்கைக்கு மேல் பயிற்சியிலேயே போய்விட்டது, அம்மாவாக வேண்டும், தொழில் செய்ய வேண்டும். அதே நாளில் அதே கூண்டில், பெல்ட்டைக் காப்பாற்ற ஐந்தாவது ரவுண்டு வரை போராடிய ஆண்கள் பிரிவுச் சாம்பியன் குளோவர் டெஷேராவுக்கு வயது 42. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பெண்ணால் பிள்ளை, சண்டை இரண்டும் முடியாது என்றில்லை. உங்கள் எடைப்பிரிவு வீராங்கனை மெக்கன்சி டெர்ன் 2019இல் பிள்ளை பெற்ற நான்கே மாதத்தில் திரும்பி வந்து சண்டை போட்டார். ஆனால் எல்லாரும் அப்படி ஓடி வர வேண்டும் என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? நீங்கள் வேண்டியதை வேண்டும் என்று, தோற்று எழுந்த அந்த நிமிடத்திலேயே, பத்தாயிரம் பேர் முன்னால் சொன்னீர்கள். 16 வெற்றி, 5 தோல்வி என்று உங்கள் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் உங்களை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பேச்சுதான்.

அன்று வீடு திரும்பியபோது அம்மா மத்தியானத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு நெத்தி சரியாயிடுச்சா?" என்றார்.

"அது அப்பவே சரியாயிடுச்சும்மா" என்றேன்.

அன்புடன்,
மேல்வரிசையில் இருந்த ஒருத்தி